தானே சூடாகும் உணவுப் பேணி: அடுப்பில்லாமல் சூடு எங்கிருந்து வருகிறது?

2013 டிசம்பரில் ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உறைபனி மழை பெய்து மரங்களும் மின்கம்பிகளும் முறிந்து விழுந்தன. இலட்சக்கணக்கானோர் மின்சாரமின்றி இருந்தார்கள். சிலருக்கு நத்தார் தினம்வரை வெளிச்சம் வரவில்லை. மின்னடுப்பை மட்டும் நம்பியிருந்த வீடுகளில் ஒரு கோப்பை தேநீர்கூட வைக்க வழியில்லை. இப்படியான நாட்களில்தான் சிலர் கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். கரி எரியும்போது வெளிவரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய வீட்டில் அது உறங்குபவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

நெருப்பே இல்லாமல் உணவைச் சூடாக்கும் பேணிகளும் பொதிகளும் இன்று முகாம் பொருட்கள் விற்கும் கடைகளிலும் சீனக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவசரத்துக்கென்று இவற்றை வாங்கி வைக்குமுன், இவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே கைவிடும் என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

சுண்ணாம்பின் சூடு

ஊரில் வீடு கட்டச் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்தவர்களுக்கு இந்த இரசாயனம் புதிதல்ல. சுட்ட சுண்ணாம்புக் கட்டிமேல் தண்ணீர் ஊற்றினால் அது சீறும், வெடித்து விரியும், ஆவி பறக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். தானே சூடாகும் பேணிகள் பலவற்றில் நடப்பதும் இதுவேதான்.

சுண்ணக்கல் என்பது கல்சியம் காபனேற்று. அதைச் சூளையில் 900 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறி, கல்சியம் ஒட்சைட்டு எனும் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். சூளையில் செலவான வெப்பத்தின் ஒரு பகுதி அதற்குள் தங்கிவிடுகிறது என்று சொல்லலாம். பின்னர் தண்ணீர் பட்டதும் அது கல்சியம் ஐதரொட்சைட்டாக, அதாவது நாம் வெற்றிலைக்குப் பூசும் நீறிய சுண்ணாம்பாக மாறுகிறது. அப்போது அந்த வெப்பம் வெளியே வருகிறது. ஒரு கிராம் சுட்ட சுண்ணாம்பு ஏறத்தாழ 1.1 கிலோயூல் வெப்பம் தரும்.

பேணிக்குள் இரண்டு அறைகள் இருக்கும். ஒன்றில் உணவு. மற்றதில் சுண்ணாம்பும், மெல்லிய தகட்டால் பிரிக்கப்பட்ட தண்ணீரும். அடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் தகடு கிழிந்து இரண்டும் கலக்கும். உணவும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையிலுள்ள உலோகச் சுவரூடாக வெப்பம் மட்டுமே கடக்கிறது.

போர்க்களத்திலிருந்து வந்தவை

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியப் படைகளுக்கு ஹைன்ஸ் நிறுவனம் தானே சூடாகும் சூப் பேணிகளைச் செய்து கொடுத்தது. 1944இல் நோர்மண்டியில் இறங்கிய படையினரிடமும் அவை இருந்தன. அவற்றில் சுண்ணாம்பு இல்லை. பேணியின் நடுவே செல்லும் குழாயில் எரிபொருள் இருந்தது. திரியைச் சிகரெட்டால் பற்றவைத்தால் சில நிமிடங்களில் சூப் கொதிக்கும். முதலில் மூடியில் துளையிட வேண்டும். அதை மறந்தால் பேணி வெடிக்கும்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவம் தன் உணவுப் பொதிகளுடன் தீயில்லாச் சூடாக்கியைச் சேர்த்தது. அதில் மக்னீசியத் தூளுடன் சிறிதளவு இரும்பும் உப்பும் இருக்கும். மக்னீசியம் தனியே தண்ணீருடன் மிக மெதுவாகவே வினைபுரியும். இரும்பும் உப்பும் சேர்ந்தால் சிறு மின்கலங்கள் போலாகி வினை விரைவடையும். ஒரு கிராம் மக்னீசியம் சுமார் 14 கிலோயூல் தரும். இது சுண்ணாம்பைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் கூடவே ஏறத்தாழ ஒரு லீற்றர் ஐதரசன் வாயுவும் வெளிவரும். அது எளிதில் தீப்பற்றும். சீனாவில் பரவலாக விற்கப்படும் சூடாகும் உணவுகளின் பொதிகளில் சுண்ணாம்புடன் அலுமினியத் தூளும் சேர்ப்பதுண்டு. அதிலும் ஐதரசன் வரும்.

குளிர்நாட்டில் கைவிடும் இடம்

இந்தப் பேணிகள் உணவை இத்தனை பாகைக்குக் கொண்டுவருவதில்லை. இருக்கும் நிலையிலிருந்து இத்தனை பாகை உயர்த்துகின்றன. 2001இல் நெஸ்லே பிரித்தானியாவில் இப்படியொரு கோப்பிப் பேணியை விற்றுப் பார்த்தது. அது கோப்பியைச் சுமார் 40 பாகையே உயர்த்தும். குளிர்நாட்களில் கோப்பி போதிய சூடு அடையவில்லை. விற்பனை நிறுத்தப்பட்டது.

நாமே கணக்குப் பார்க்கலாம். 300 கிராம் சூப்பைத் தண்ணீராக எண்ணிக்கொள்வோம். 20 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 50 கிலோயூல் வேண்டும். அதற்குக் குறைந்தது 45 கிராம் சுண்ணாம்பு. பேணிச் சுவரிலும் காற்றிலும் போகும் வெப்பத்துக்காக இன்னும் கூடுதலாக வைப்பார்கள். அதே பேணி 5 பாகையில் இருந்தால் 45 பாகைக்குத்தான் வரும். அது வெதுவெதுப்பு மட்டுமே. உறைந்துபோயிருந்தால் பனியை உருக்கவே 100 கிலோயூல் வேண்டும். முழுச் சுண்ணாம்பும் பாதியைக்கூட உருக்கிவிடாது. வினைக்கான தண்ணீரும் உறைந்திருந்தால் வினை தொடங்கவே மாட்டாது.

ஆகவே இவற்றை மாரிகாலத்தில் காரின் பின்பெட்டியில் விட்டுவைக்க வேண்டாம். அவசரத்துக்கு என்று நாம் நினைக்கும் முதல் இடமே அதுதான். ஆனால் அங்கேதான் அவை பயன்படாமல் போகும். வீட்டுக்குள் வைத்து, பயணம் போகும்போது மட்டும் எடுத்துச் செல்லலாம்.

கவனிக்க வேண்டியவை

இந்தப் பேணிகளும் பொதிகளும் காபனோரொட்சைட்டு வெளியிடுவதில்லை. ஆனால் ஐதரசன் வரும் வகைகளை மூடிய காருக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ பயன்படுத்தக்கூடாது. பக்கத்தில் மெழுகுதிரி, சிகரெட் எதுவும் இருக்கக்கூடாது. மின்சாரம் நின்ற வீட்டில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். விமானத்தில் கொண்டுபோக நினைத்தால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

ஆவி போகும் துளையை அடைக்க வேண்டாம். தண்ணீரைக் குறிப்பிட்ட அளவுக்கே ஊற்றுங்கள். குறைந்தால் சுண்ணாம்பு 100 பாகையையும் தாண்டிச் சூடேறலாம். கண்ணாடி மேசையில் வைக்க வேண்டாம்.

இவை சமைத்த உணவைச் சூடாக்க மட்டுமே. பேணி உணவு தொழிற்சாலையிலேயே உயர் வெப்பத்தில் கிருமி நீக்கப்பட்டது. பச்சை இறைச்சியையோ மீனையோ இந்தச் சூட்டில் வேகவைக்க முடியாது. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி தவிர்ப்பவர்கள் வாங்கும்போதே பொருட்பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆபத்து கண்ணுக்குத்தான். சுண்ணாம்பு கடுமையான காரம். சூடாக்கும் பையைப் பிள்ளைகள் பிரிக்க விடக்கூடாது. தோலில் தூள் பட்டால் முதலில் உலர்ந்தபடியே தட்டிவிட்டு, பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசக்கக்கூடாது.

வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். மின்சாரம் இருக்கும் ஒரு நாளில், யன்னலைத் திறந்துவைத்து, குறிப்பைப் படித்து ஒன்றைச் சூடாக்கிப் பாருங்கள். எத்தனை நிமிடம் எடுக்கிறது, எவ்வளவு சூடாகிறது, வீட்டிலுள்ள வயோதிபரால் அந்தப் பொத்தானை அழுத்த முடிகிறதா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். அம்மம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். சுண்ணாம்பு நீற்றிய கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொல்லட்டும்.