முட்டுக்காட்டுக் கொடுவா

மேலைநாட்டுத் தூண்டில் போட்டிகளில் 'பாஸ்' மீனுக்கு உள்ள இடம், ஆஸ்திரேலியாவில் பாராமுண்டிக்கு உண்டு. வங்காளத்தில் பேட்கி எனப்படும் அதே மீன்தான் செங்கல்பட்டுக் கரையின் கொடுவா. இங்கு அது பரிசுக்கான மீனாக இருந்ததில்லை, பிழைப்புக்கான மீன்.

கொடுவா கடலில் முட்டையிடும். குஞ்சுகள் கழிமுகம் வழியே உப்பங்கழிக்குள் ஏறி வளரும். கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காட்டு முகத்துவாரத்தைக் கோடையில் மணல்திட்டு அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் அதை உடைக்கும்வரை புதுக் குஞ்சுகளுக்கு வழியில்லை. உயிருள்ள இறாலையும் சிறுமீனையும் விரட்டித் தின்னும் மீன் இது. தூண்டில்காரர் எத்தனை கெட்டிக்காரரானாலும் வாய் அடைபட்ட கழியில் வரவு குறைவுதான்.

இந்தப் பஞ்சத்துக்கு மாற்றும் அதே கரையில் பிறந்தது. 1987இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997இல் தன் முட்டுக்காடு நிலையத்தில் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்தது. காரியம் எளிதன்று. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே பெண்ணாகும். ஆகவே பெரிய தாய்மீன்களை நெடுங்காலம் பேண வேண்டும். போதாததற்குப் பெருத்த குஞ்சு சிறுத்ததை விழுங்கும். அளவு பார்த்து அடிக்கடி பிரித்துவிடுவதே பொரிப்பகத்தின் அன்றாட வேலை.