அதியமான் ஊரு கரும்பும் டீக்கடை அஸ்காவும்

எங்க தருமபுரிக்கு அந்தக் காலத்துப் பேரு தகடூர். ஆண்டது அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அதே ஔவையார் புறநானூறு 99ஆம் பாட்டுல இன்னொரு சேதியும் சொல்றாங்க: கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டு வந்தது அதியமானோட முன்னோர்கள். கரும்பு போடற எனக்கு அதுல கொஞ்சம் பெருமைதான்.

பத்து கிலோ கரும்பை ஆட்டி, கொப்பரையில மணிக்கணக்கா காய்ச்சினா ஒரு கிலோ வெல்லம் தேறும். அவ்வளவு பாடுபட்டு எடுத்ததை யாரும் தினமும் தின்னதில்லை. இங்க மேட்டுக்காட்டுல விளைஞ்சது ராகியும் சாமையும். சாப்பாடு களி, கூழு. வெல்லம் நோம்பி நாளுக்குத்தான்.

அப்புறம் வந்தது அஸ்கா. ஒடிசாவுல கஞ்சம் ஜில்லாவுல இருக்கற ஊரோட பேரு அது. அந்த ஜில்லா அப்போ சென்னை மாகாணத்துல இருந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துல அங்க ஆலை வெச்சுத் தயாரிச்ச வெள்ளைச் சர்க்கரை ஊர்ப் பேராலயே நம்ம கடைக்கு வந்துச்சு. 1912ல கோயமுத்தூர்ல கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினாங்க. அங்க டி.எஸ். வெங்கட்ராமன் காட்டு நாணலோட கரும்பைக் கலந்து, வறட்சியும் நோயும் தாங்கற ரகங்களைக் கொடுத்தார். நம்ம பாலக்கோட்டுலயும் கோபாலபுரத்துலயும் கூட்டுறவு ஆலை வந்துச்சு. நோம்பிப் பண்டம் ரேஷன் பண்டம் ஆயிடுச்சு.

இன்னிக்கு என்கிட்ட வெல்லம் வாங்க வர்றவங்க கேக்கற முதல் கேள்வி: "அண்ணா, நாட்டு வெல்லம்தானே, சுகர்காரங்க சாப்பிடலாமில்ல?"

கூடாதுங்க. அஸ்கா முழுக்க சுக்ரோஸ். பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸ் நேரா ரத்தச் சர்க்கரையை ஏத்தும். ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகும்; அளவு மீறினா அங்கேயே கொழுப்பா தங்கும். வெல்லத்துலயும் பெரும்பங்கு இதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்புச்சத்து, தாது உப்பு கூட இருக்கு, நெசம்தான். அதுக்காக யாரும் கால் கிலோ வெல்லம் தின்ன முடியாது! தேனும் அப்படித்தான், அதுல குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தனித்தனியா கிடக்குது. முழு மாம்பழம் வேற கணக்கு. நாரோட சேர்ந்து போறதால சர்க்கரை மெதுவா ஏறும். (சுகர் இருக்கறவங்க அதையும் அளந்துதான் தின்னணும்.) ஜூஸா பிழிஞ்சா அந்த நாரு போச்சு.

உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன கணக்குப்படி, 2000 கலோரி சாப்பிடறவருக்குச் சேர்க்கற சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள்ள இருக்கணும். 25 ஆனா இன்னும் நல்லது. தேன், ஜூஸ் எல்லாம் அதுல அடக்கம். ரெண்டு ஸ்பூன் போட்ட டீ நாலு குடிச்சாலே 40 கிராம் ஆச்சு. ஐசிஎம்ஆர் ஆய்வு 2023ல வெளியானப்போ, நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய்னு சொல்லுச்சு.

இதைச் சொன்னா சில பேரு வாங்காமத் திரும்பிடறாங்க. பக்கத்துலயே "சுகருக்கு நல்லது"ன்னு சொல்லி விக்கறாங்க. பாகுல அஸ்காவையே கொட்டி, ஹைட்ரோஸ் போட்டு வெளுக்க வெச்ச வெல்லமும் சந்தைக்கு வருது. பார்க்க மஞ்சளா பளபளன்னு இருக்கும், விலையும் கம்மி. என்னுது கருப்பாத்தான் இருக்கும். நோம்பிக்கு அரைக் கிலோ போதும்னு சொல்லித்தான் கட்டிக் கொடுக்கறேன்.