ஒரு காசுக்கு வாங்கிய கை

சாத்தானிடம் ஆன்மாவை விற்றவன் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ஜெர்மனியின் ஃபாவுஸ்ட். 1587-இல் ஃபிராங்ஃபர்ட்டில் அச்சான ஒரு சிறு நூல் அவர் கதையை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. பிறகு கெதே அதைப் பெருங்காவியமாக்கினார். அந்தக் காவியத்தை நாம் இன்று பேசப்போவதில்லை. அதன் நிழலில் பிறந்து, பலரும் பார்த்திராத ஒரு பிரெஞ்சுப் படத்தைப் பற்றிப் பேசலாம். பெயர் 'லா மேன் துய் தியாப்ள்'. சாத்தானின் கை என்று பொருள். 1943 ஏப்ரலில் பாரிஸில் திரையிடப்பட்டது.

1943, பாரிஸ் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துப் பாருங்கள். அப்போது அந்த நகரம் ஜெர்மானியர் கையில் இருந்தது. படத்தைத் தயாரித்ததும் ஜெர்மானியப் பணம்தான். நாட்டைப் பிடித்தவனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, 'சாத்தானிடம் எதையும் வாங்காதே' என்று சொல்லும் படத்தைச் சில பிரெஞ்சுக்காரர்கள் எடுத்தார்கள். இது எப்படி நடந்தது?

முதலில் கதை. பனி மூடிய மலைப் பகுதியில் ஒரு விடுதி. இடது கை இல்லாத ஒருவன் ஒரு பெட்டியை அணைத்தபடி உள்ளே ஓடிவருகிறான். பெயர் ரோலான் பிரிஸ்ஸோ. அவன் சோற்றுக்கு வழியில்லாத ஓவியனாக இருந்தவன். ஓர் உணவகக்காரர் அவனுக்கு ஒரு பெட்டியை ஒரு 'சூ'வுக்கு விற்கிறார். ஒரு பிராங்கில் இருபதில் ஒரு பங்குதான் ஒரு சூ. பெட்டிக்குள் இருப்பது ஒரு கை. வாங்கியவனுக்குப் புகழ், பணம், விரும்பிய பெண் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சாவதற்குள் அதை வாங்கிய விலைக்கும் குறைவாக வேறொருவனுக்கு விற்றாக வேண்டும். தவறினால் ஆன்மா சாத்தானுக்கு. ஒரு சூவுக்கும் குறைவாக எப்படி விற்பது? வாங்கிய அன்றே அவன் கதை முடிந்துவிட்டது!

இதில் வரும் சாத்தானுக்குக் கொம்பும் இல்லை, வாலும் இல்லை. கறுப்பு உடை அணிந்த குள்ளமான மனிதர். கடன் வசூலிக்க வரும் குமாஸ்தாவைப் போல மரியாதையாகப் பேசுகிறார். ஓராண்டு கழித்து வந்து ஒரு சலுகை தருகிறார். ஆன்மாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்; இன்றைய விலை ஒரு சூதான், ஆனால் நாளுக்கு நாள் இரட்டிப்பாகும். சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டிப்பாக்கிக் கேட்ட கதை நமக்குத் தெரியும் அல்லவா? அதே கணக்குதான். பதினோராம் நாள் விலை 51 பிராங்க். இருபத்தோராம் நாள் 52 ஆயிரத்துக்கு மேல். முப்பத்தோராம் நாள் 5 கோடியே 36 லட்சத்தைத் தாண்டுகிறது. முதல் நாளே அவன் கொடுத்திருக்கலாம். புகழை விட மனமில்லாமல் தள்ளிப்போடுகிறான். என் கருத்தில் படத்தின் உயிரான இடம் இதுதான்.

இதற்கு மூலம் ழெரார் தெ நெர்வால் 1832-இல் எழுதிய கதை. கெதேயின் ஃபாவுஸ்டை 1828 வாக்கில், இருபது வயதை ஒட்டிய காலத்திலேயே பிரெஞ்சில் தந்தவர் இவர். படம் அவர் கதையிலிருந்து மந்திரக் கையை மட்டும் எடுத்துக்கொண்டது.

இனி தயாரிப்பாளருக்கு வருவோம். 1940-இல் பிரான்ஸ் தோற்றதும் பாரிஸில் கான்டினென்டல் என்ற படக் கம்பெனி தொடங்கப்பட்டது. தலைவர் ஆல்ஃப்ரெட் கிரேவன் என்ற ஜெர்மானியர். நாஜி அமைச்சர் கோயபல்ஸ் பிரெஞ்சு மக்களுக்கு வெறும் பொழுதுபோக்குப் படங்களே போதும் என்று நினைத்தார். கிரேவனோ நல்ல கலைஞர்களைத் தேடிப் பிடித்து முப்பது படங்கள் எடுத்தார். யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்ட திரையரங்குகளும் அவர் கைக்கு வந்தன.

இயக்குநர் மோரிஸ் தூர்னர் அப்போது அறுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் அமெரிக்காவில் மேரி பிக்ஃபோர்டை இயக்கியவர். கான்டினென்டலில் அவர் இயக்கிய இன்னொரு படத்தின் நாயகர் ஹாரி போர். யூதர் என்ற சந்தேகத்தில் ஜெர்மானியர் அவரை 1942-இல் பிடித்துச் சித்திரவதை செய்தனர். சாத்தானின் கை திரைக்கு வந்த அதே ஏப்ரல் மாதத்தில் அவர் இறந்தார். அந்தச் சம்பளத்தின் விலை என்ன என்பது ஸ்டூடியோவில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

திரைக்கதை எழுதியவர் ழான் பால் லெ ஷனுவா. அவருடைய பிறவிப் பெயர் ட்ரேஃபுஸ், யூதத் தந்தையின் பெயர். அவர் கம்யூனிஸ்ட், தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்திலும் இருந்தவர். யூதர்கள் திரைத்துறையில் இயக்குநராகவோ நிர்வாகியாகவோ இருக்கக்கூடாது என்று 1940 அக்டோபரிலேயே விஷி அரசு சட்டம் போட்டிருந்தது. அப்படிப்பட்டவர் கிரேவனின் கூரைக்கடியிலேயே உட்கார்ந்து எழுதினார்!

அவர் எழுதிய முடிவைக் கேளுங்கள். அந்தக் கையை வரிசையாக வைத்திருந்தவர்கள் முகமூடி அணிந்து வந்து தத்தம் கதையைச் சொல்கிறார்கள். நூல் பிடித்துப் பின்னோக்கிப் போனால், கை ஒரு துறவியுடையது என்று தெரிகிறது. இறைவன் கொடுத்த கை அது. சாத்தான் அதைத் திருடி விற்றிருக்கிறான். தனக்குச் சொந்தமில்லாததை விற்றவனின் ஒப்பந்தம் செல்லுமா? செல்லாது. கையைத் துறவியின் கல்லறையில் சேர்க்க வந்த பிரிஸ்ஸோ அங்கேயே உயிர் விடுகிறான். பறித்த திரையரங்குகளில் ஓடவேண்டிய படத்தில் இந்தச் சட்டக் குறிப்பு!

விடுதலைக்குப் பிறகு கணக்குக் கேட்கும் காலம் வந்தது. நாயகனாக நடித்த பியேர் ஃப்ரெனே சில வாரங்கள் சிறையில் இருந்தார். அதே கம்பெனிக்கு 'லெ கோர்போ' என்ற படத்தை எடுத்த குளூசோவுக்கு முதலில் ஆயுள் தடை விதித்தார்கள், பிறகு குறைத்தார்கள். 1947-இல் அவர் மீண்டும் படம் எடுத்தார். லெ ஷனுவாவோ வெர்கோர் மலையில் போராடிய கெரில்லாக்களைப் பற்றிய ஆவணப் படத்தை 1948-இல் வெளியிட்டார். சம்பளம் கொடுத்த கை ஒன்றுதான், வாங்கியவர்களுக்குக் கிடைத்த தீர்ப்போ வெவ்வேறு. இது நியாயமா என்று கேட்டால் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

2002-இல் பெர்த்ரான் தவெர்னியே 'லெஸே பாஸே' என்ற படத்தில் இதே ஸ்டூடியோவைக் காட்டினார். அதில் இரண்டு நிஜ மனிதர்கள் வருகிறார்கள். ஒருவர் சாத்தானின் கை படத்தில் உதவி இயக்குநராக இருந்த ழான் தெவேவ்ர். கான்டினென்டலில் வேலை பார்த்துக்கொண்டே எதிர்ப்பு இயக்கத்திலும் இருந்தவர். மற்றவர் எழுத்தாளர் ழான் ஓரான்ஷ். அவர் கிரேவனுக்கு எழுத மறுத்து, சாக்குகள் சொல்லி நழுவிக்கொண்டே இருந்தார். தவெர்னியே இருவர்மீதும் ஒரே பரிவைக் காட்டினார். அதற்காகவே பிரான்ஸில் சில விமர்சகர்கள் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். சண்டை முடிந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.