செனட் ஹவுஸ் வாசலில்...

கேம்பிரிட்ஜ் போனவங்க எல்லாரும் கிங்ஸ் காலேஜ் சேப்பலைத்தான் படம் பிடிச்சிட்டிருந்தாங்க. நான் பக்கத்துல செனட் ஹவுஸ் வாசல்லயே நின்னுட்டேன்.

1890-ல் இங்கேதான் கணிதத் தேர்வு முடிவை வாசித்தார்கள். ஆண்களில் முதலாவதாக வந்தவரையும் முந்தியவர் ஃபிலிப்பா ஃபாசெட். ஆனா பட்டம்? கிடையாது, பொண்ணாச்சே!

பெண்களுக்கும் பட்டம் தரலாமா என்று 1897-ல் ஓட்டெடுப்பு. சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மையை எதிரே தொங்கவிட்டுக் கேலி செய்தார்கள் மாணவர்கள். தீர்மானம் தோற்றது. பட்டம் கிடைக்க 1948 ஆயிற்று. ஃபிலிப்பா இறந்ததும் அதே வருஷம்தான்.

இத்தனைக்கும் 1883-லேயே கல்கத்தா பல்கலைக்கழகத்தில் காதம்பினி, சந்திரமுகி என்று ரெண்டு பெண்கள் பட்டதாரி ஆயிட்டாங்க!

நீங்க போனா, சேப்பலுக்கு முன்னாடி இந்த வாசல்ல ஒரு நிமிஷம் நில்லுங்க மக்கா.