அங்காதிபாதமும் தமிழும்

மனித உடலின் புறத்தே தோன்றும் உறுப்புக்களுக்குப் பெயர் கூறுவதில் தமிழ் என்றும் வறுமையுற்றதில்லை. உச்சி, பிடரி, புருவம், அக்குள், விலா, கொப்பூழ், மணிக்கட்டு, கணுக்கால் எனத் தலைமுதல் அடிவரை ஒவ்வோரிடத்துக்கும் தனிப்பெயருண்டு. உறுப்புக்களை முறையே எடுத்துப் பாடுதற்குப் பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் செய்யுள் வகைகளும் எழுந்தன. ஆனால் தோலை அறுத்து உள்ளே நோக்குமிடத்து நிலைமை வேறாகின்றது.

நரம்பு என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். உலக வழக்கிலே புறங்கையில் நீலமாய்ப் புடைத்துத் தெரிவதும் நரம்பு. தசையை எலும்போடு பிணிப்பதும் நரம்பு. மூளைக்கு உணர்ச்சியைக் கொண்டுசெல்வதும் நரம்பு. யாழிற் கட்டியதும் நரம்பே. இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கரின் 'நியூரோன்' என்னுஞ் சொல்லும் ஆதியில் தசைநாணையும் வில்லின் நாணையுமே குறித்தது. கி. மு. 3ஆம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியா நகரில் ஏரோபிலசு என்பார் பிணங்களை அறுத்து ஆராய்ந்த பின்னரே உணர்ச்சி நரம்பு தனிப்பொருளாகத் தெளிவுபெற்றது. பொருள் தெளிந்தது, சொல்லோ பழையதாகவே நின்றது. 'ஆட்டீரியா' என்பதன் கதை இதனினும் வியப்புடையது. இறந்தாருடலில் அக்குழாய்கள் வெறுமையாயிருத்தலைக் கண்ட பழையோர் அவை காற்றைக் கொண்டுசெல்வன எனக் கருதினர். மூச்சுக்குழலையும் அப்பெயராலேயே அழைத்தனர். அவற்றில் ஓடுவது இரத்தமே என்று கி. பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் காட்டினார். எனினும் பிழையிற் பிறந்த பெயரை மருத்துவ உலகம் இன்றளவும் கைவிடவில்லை. கலைச்சொல்லின் வலிமை அதன் பொருட்பொருத்தத்தில் மட்டும் இல்லை என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

மேனாட்டு உடற்கூற்றுப் பெயர்களிற் பல அடுக்களையிலிருந்தும் தெருவிலிருந்தும் எடுக்கப்பட்டவை. இலத்தீனில் முழங்காற்சில்லின் பெயர் சிறு தட்டு. கீழ்க்கால் எலும்பின் பெயர் குழல். காறையெலும்பின் பெயர் சிறு திறவுகோல். தசைக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் சுண்டெலி. தோலின்கீழ்த் தசை அசைவது அவர்களுக்கு எலி ஓடுவதுபோலத் தோன்றிற்று. தமிழர் அத்தகைய திரட்சியிலே கெண்டைமீனைக் கண்டு கெண்டைக்கால் என்றனர் போலும்.

இத்தகைய பெயர்த்தொகுதி முழுவதையும் தமிழிலே தரும் பெருமுயற்சி மானிப்பாயில் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1848 முதல் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலமே பயிற்று மொழி. ஆங்கிலம் கற்ற மாணவர் கூடிய ஊதியம் நாடி அரசாங்க சேவைக்குச் செல்ல, கிராமங்கள் வைத்தியரின்றி நின்றமையை அவர் கண்டார். தமிழிற் கற்றவனே தமிழூரில் தங்குவான் என்பது அவர் துணிபு. 1864இல் தமிழ்வழி வகுப்புத் தொடங்கிற்று.

வகுப்புக்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கட்டர் என்பாரின் பாடநூலை 1850களிலேயே கிறீன் தமிழாக்கியிருந்தார். 1872இல் கிறே முதலியோரின் நூல்களைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. கிறேயின் நூல் இலண்டனில் முதன்முதல் அச்சேறியது 1858இலேயே என்பதை நோக்கின், பதினான்கே ஆண்டுகளில் அது யாழ்ப்பாணத்து மாணவர் கைக்கு எட்டியமை சிறிய செயலன்று. மொழிபெயர்ப்பிலே அவருடைய மாணவர்களும் பெரும்பங்கு கொண்டனர். சொல்லாக்கத்தில் அவர்கள் சென்ற வழிகள் நூற்பெயர்களிலேயே புலப்படும். 'இரண வைத்தியம்' வைத்தியர் நன்கறிந்த சொற்களால் அமைந்தது. 'அங்காதிபாதம்' வடமொழிக் கூட்டு. ஆயினும் கேசாதிபாதம் பயின்ற செவிக்கு அது புதிதாகத் தோன்றாது. 1875இல் வந்த 'கெமிஸ்தம்' ஆங்கிலச் சொல்லையே தமிழ்ச் சட்டையணிவித்து நிறுத்தியது. வடமொழி மிகுதியென்று பின்னாளில் இந்நூல்களைக் குறைகூறுவோர், அக்காலத்து உரைநடை முழுவதும் அவ்வாறே இருந்ததென்பதை மறந்துவிடுகின்றனர்.

இன்னுமொன்று கருதத்தக்கது. அந்நாளில் ஐரோப்பாவிலேயே இப்பெயர்கள் ஒழுங்குபெறவில்லை. ஒரே உறுப்புக்கு நாட்டுக்கொரு பெயரும் ஆசிரியனுக்கொரு பெயருமாய் ஐம்பதாயிரம் அளவிற் பெருகிக் கிடந்தன. 1895இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் கூடிய அறிஞரே அவற்றை ஏறத்தாழ ஐயாயிரமாகச் சுருக்கினர். 1955இல் பாரிசிலும், மீண்டும் 1998இலும் அப்பட்டியல் திருத்தம்பெற்றது. பாசலுக்கு 23 ஆண்டுகள் முன்னரே மானிப்பாய் நூல் எழுந்துவிட்டது. வேற்றுமை யாதெனில், அங்கே பிற்காலத்தார் முன்னோர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திருத்தினர். இங்கே அவ்வாறு நிகழவில்லை.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார், 1884இல் மறைந்தார். அதன்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. வகுப்பு நின்றதும் சொற்கள் வாய்மொழியற்று ஏட்டிலடங்கின. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் சுவாமி விபுலாநந்தர் முதலியோரின் துணையோடு சொற்களை ஆக்கி, 1938இற் 'கலைச்சொற்கள்' என்னும் நூலை வெளியிட்டனர். பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் தன் சொற்றொகுதிகளைத் தொகுத்தது. ஒரு பணி மூன்றிடங்களில் மும்முறை தொடங்கப்பட்டது.

அதன் பயன் பாடநூல்களிற் காணக்கிடக்கின்றது. தமிழகத்து மாணவன் தமனி, சிரை, கணையம் என்று படிப்பவற்றை இலங்கை மாணவன் நாடி, நாளம், சதையி என்று படிக்கின்றான். நாடி என்பதிலும் இடர்ப்பாடுண்டு. வைத்தியர் கைபிடித்துப் பார்ப்பதும் நாடி. யாழ்ப்பாணத்துப் பேச்சில் மோவாயும் நாடி. ஆயினும் இலங்கைச் சொற்களுட் சில மிக நேர்த்தியானவை. இதயத்தின் மேலறையைச் 'சிறு காது' எனப் பொருள்படும் சொல்லால் இலத்தீனர் அழைத்தனர். இங்கே அது சோணையறை ஆயிற்று. காதுச் சோணையைத் தொட்டுக்காட்டி ஆசிரியர் அதனை ஒரு நொடியில் விளக்கிவிடலாம். முன்கையெலும்பொன்றுக்கு இலத்தீனில் சக்கரத்தின் ஆரக்கால் என்று பெயர். தமிழிலும் அது ஆரையே.

யாழ்ப்பாணத்தில் 1978இல் மருத்துவ பீடம் தொடங்கியபோது பயிற்று மொழி ஆங்கிலமாயிற்று. மானிப்பாயிலே கிறீனின் பெயர் தாங்கிய மருத்துவமனை நிற்கின்றது. அவர் மாணவருக்குக் கற்பித்த எலும்புகளின் தமிழ்ப் பெயர்கள் மனுஷ அங்காதிபாதத்தின் பக்கங்களில் உள்ளன.