தந்தையின் நஸபும் மகளின் பேனாவும்

வம்ச வரலாற்றைப் பேணுவதை அரபு மக்கள் ஒரு தனிக் கலையாகவே வளர்த்தனர். ‘இல்முல் அன்ஸாப்’ என்னும் அக்கலையில் இப்னுல் கல்பீயும் பலாதுரீயும் இப்னு ஹஸ்மும் எழுதிய பெருநூல்கள் இன்றும் நம் மதரஸா நூலகங்களை அணி செய்கின்றன. உறவினரோடு இணங்கி வாழும் அளவுக்கு உங்கள் வமிசத்தை அறிந்து கொள்ளுங்கள் என்னும் கருத்தில் நபிமொழியும் உண்டு. ஆனால் நம் வீடுகளில் பத்திரப்படுத்தியிருக்கும் ஷஜராக்களை விரித்துப் பாருங்கள். இன்னாரின் மகன் இன்னார், அவர் மகன் இன்னார் என்று ஏழெட்டுத் தலைமுறை இறங்கி வரும். பெண் பெயர் ஒன்றைக் காண்பது அரிது. எங்கள் வீட்டு ஷஜராவும் அப்படித்தான். என் பாட்டனாரின் தாயார் பெயரை நான் ஒரு பழைய நிலப் பத்திரத்திலிருந்துதான் அறிந்தேன்.

முன்னோர் இப்படி இருந்தார்கள் என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளவும் முடியாது. இப்னு ஸஅத் தம் ‘தபகாத்’தின் இறுதிப் பாகத்தைப் பெண்களுக்கே ஒதுக்கினார். ஸகாவீயின் பன்னிரண்டு பாக நூலிலும் கடைசிப் பாகம் பெண்களுடையது. வழக்கம் எங்கோ இடையில் அறுந்திருக்கிறது. அறுந்த அந்த இழையைச் செய்தித்தாள் வாயிலாக எடுத்து முடிச்சிட்ட ஒரு மகளின் குடும்ப வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகிறேன்.

அக்குடும்பத்தின் வேர் துருக்கியின் கிர்க்லாரெலி ஊரில் இருக்கிறது. 1711 ஆம் ஆண்டு புரூத் நதிக்கரைப் போரில் கலந்துகொண்ட மூதாதையர் அஹ்மத் ஆகா, போருக்குப் பின் லோஃப்சா என்னும் ஊரில் தங்கிவிட்டார். அவ்வூர் இன்று பல்கேரியாவில் உள்ளது. அவர் வழிவந்த ஹாஜி இஸ்மாயீல் ஆகாவுக்கு 1822 இல் பிறந்தவரே அஹ்மத். 1839 இல் ஓதுவதற்காக இஸ்தன்பூல் வந்த அந்த மாணவருக்கு ‘ஜவ்தத்’ என்னும் புனைபெயரை ஒரு கவிஞர் சூட்டினார். உலகம் அவரை அஹ்மத் ஜவ்தத் பாஷா என்றே அறிகிறது.

ஃபிக்ஹு கற்றோருக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. ஹனஃபீ சட்டத்தை 1851 விதிகளாகப் பிரித்து, முன்னுரையும் பதினாறு நூல்களுமாக 1869 முதல் 1876 வரை வெளிவந்த ‘மஜல்லதுல் அஹ்காமில் அத்லிய்யா’வைத் தொகுத்த குழுவின் தலைவர் அவரே. (சஞ்சிகையையும் அரபியில் மஜல்லா என்றே சொல்கிறோம், தந்தை ஒரு மஜல்லாவால் புகழ் பெற்றார், மகள் வேறொரு வகை மஜல்லாவால்!) பன்னிரண்டு பாகங்களில் உஸ்மானிய வரலாறும் எழுதினார். 1866 இல் உலமாக்களின் வரிசையிலிருந்து ஆட்சித் துறைக்கு மாற்றப்பட்டு, ஹலப் மாநில ஆளுநரானார்.

அப்போது அவருடன் சென்ற சிறுமிதான் ஃபாத்திமா ஆலியா. பிறப்பு 1862. தமையன் அலீ ஸதாதுக்கு வீட்டில் ஆசிரியர்கள் பாடம் நடத்துவார்கள். தங்கை அருகிருந்து செவிமடுப்பாள். அந்தத் தமையன் பிற்காலத்தில் மன்திக் கலையில் நூல் எழுதினார். தங்கையோ, யாருமறியாமல் பிரெஞ்சு மொழி கற்கத் தலைப்பட்டாள். விஷயம் தெரியவந்தபோது தந்தை கோபிக்கவில்லை. ஆசிரியரையே அமர்த்திக் கொடுத்தார். நான் பாஷாவை மதிப்பதற்கு மஜல்லா ஒரு காரணமென்றால், இது மற்றொன்று.

1879 இல், பதினேழாம் வயதில், ராணுவ அதிகாரி ஃபாயிக் பேக்கு மணமுடித்தனர். மனைவி பிறமொழி நாவல்கள் படிப்பதைக் கணவர் விரும்பவில்லை. பத்தாண்டுகள் கழிந்தன. பிறகு அவரே மனம் இளகி அனுமதி தந்தார். 1890 இல் பிரெஞ்சு நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அட்டையில் பெயர் இல்லை. ‘ஒரு பெண்’ என்று மட்டும் இருந்தது. பின்னும் சிலகாலம் அந்நூலின் மொழிபெயர்ப்பாளர் என்றே கையொப்பமிட்டார். 1892 இல் ‘முஹாளராத்’ நாவல்தான் ஃபாத்திமா ஆலியா என்னும் சொந்தப் பெயரைத் தாங்கி வந்தது. அப்போதும், தந்தையோ தமையனோ எழுதியிருக்க வேண்டும் என்று பேசியோர் இருந்தனர். நஸபு ஏட்டில் மட்டுமன்று, நூலின் அட்டையிலும் பெண்ணின் பெயர் பதிவது அத்துணை எளிதன்று போலும்!

அஹ்மத் மித்ஹத் நடத்திய ‘தர்ஜுமானெ ஹகீகத்’ நாளிதழில் அவர் எழுதிய ‘நிஸ்வானெ இஸ்லாம்’, ஐரோப்பியச் சீமாட்டிகளோடு நிகழ்ந்த மூன்று உரையாடல்களைக் கொண்டது. அடிமைப் பெண்கள், பலதார மணம், உடை ஆகியவை பற்றி வந்த விருந்தினரின் தவறான எண்ணங்களுக்கு விடை கூறுகிறார். அது பிரெஞ்சிலும் அரபியிலும் பெயர்க்கப்பட்டது. ஆயினும் மேற்கத்தியருக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. பலதார மணத்தை ஆதரித்தெழுதிய மஹ்மூத் அஸ்அத் என்னும் ஆலிமோடும் வாதிட்டார். வெளியாருக்கு ஒரு முகம், வீட்டாருக்கு ஒரு முகம் என்றில்லாத அந்த நேர்மை என்னைக் கவர்கிறது.

1895 இல் பெண்களுக்கென்றே தொடங்கிய இஸ்தன்பூல் செய்தித்தாள் 1908 வரை நடந்தது. அறுநூற்றுக்கு மேற்பட்ட இதழ்கள் வெளிவந்தன. ஆலியாவும் தங்கை அமீனா ஸமிய்யாவும் அதன் முதன்மை எழுத்தாளர்கள். அதில் ஆலியா எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று முற்கால முஸ்லிம் அறிவுப் பெண்களின் வரலாறு. 1314 இல் கெய்ரோவில் காலமான ஹன்பலீ ஃபகீஹா, பாக்தாதைச் சேர்ந்த அப்பாஸின் மகள் ஃபாத்திமாவைப் பற்றி எழுதினார். தபகாத் ஏடுகளில் உறங்கிய ஒரு பெயர், வாசல்தோறும் வரும் தாளில் மறுபடி வாசிக்கப்பட்டது. இப்னு ஸஅதின் கடைசிப் பாகத்துக்கு இது ஒரு தொடர்ச்சி என்று நான் கொள்கிறேன்.

தந்தை 1895 இல் மறைந்தார். 1914 இல் ‘அஹ்மத் ஜவ்தத் பாஷாவும் அவர் காலமும்’ என்ற நூலை மகள் வெளியிட்டார். பாஷாவின் வாழ்க்கையை எழுத ஆண்மக்கள் முந்தவில்லை.

குடும்ப வரலாறு எழுதுவோர் மறைக்க விரும்பும் பகுதியும் உண்டு. ஆலியாவின் நான்கு பெண்மக்களுள் இளையவர் கிறிஸ்தவத்தைத் தழுவி பிரான்ஸ் சென்றுவிட்டார். தாய் அவரைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தார். செல்வமும் உடல்நலமும் கரைந்தன. அந்தப் பெயரை ஷஜராவிலிருந்து சுரண்டிவிடுவது எளிது. ஆனால் தாய் தேடிய மகளை நாம் நீக்குவது முறையாகாது.

1934 இல் துருக்கியில் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தது. ஆலியாவுக்கு ‘தோபூஸ்’ என்னும் பெயர் அமைந்தது. இரண்டாண்டு கழித்து, 1936 ஜூலை 13 அன்று, இஸ்தன்பூலில் வறுமையில் காலமானார். 2009 இல் வெளியான ஐம்பது லீரா நோட்டின் பின்புறத்தில் அவர் உருவமும், அதனருகே ஃபாத்திமா ஆலியா என்ற பெயரும் அச்சிடப்பட்டுள்ளன.