குமரன் சாலையிலிருந்து நொய்யல் வரை

"திருப்பூருக்கு என்னப்பா வரலாறு? பனியன்தான் வரலாறு!" என்று வகுப்பில் ஒரு நண்பன் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் எனக்கு என்ன தெரியும்?

மதுரையில் "பசுமை நடை" என்று ஒரு குழு இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010-ல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கப் போகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. மலையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். அந்தச் சமயத்தில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் மலையைப் பார்க்கப் போனார்கள். அதிலிருந்து தொடங்கியதுதான் பசுமை நடை. சமணர் படுகைகள், குடைவரைகள், பழைய ஊர்கள் என்று விடுமுறை நாள் காலையில் நடப்பார்கள். தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் போன்றவர்கள் அந்த இடத்திலேயே நின்று விளக்குவார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஒரு இடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால், முதலில் அதை நாலு பேர் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, நம் ஊரில் மலையில்லை, குடைவரையும் இல்லை. நடந்தால் என்ன பார்ப்பது? நண்பர்கள் நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். கூட ஒரு நண்பனின் தாத்தாவும் வந்தார்.

முதலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குமரன் நினைவகம். தினமும் பஸ்ஸில் இந்த வழியாகப் போகிறோம், உள்ளே போனதில்லை! சென்னிமலையில் 1904-ல் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10-ம் தேதி ஊர்வலத்தில் கொடியோடு போனபோது போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து, மறுநாள் இறந்தார். வயது 27. இது பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் இல்லாதது, அது ஏன் திருப்பூரில் நடந்தது என்பது. அன்று இது பருத்திச் சந்தையும் கதரும் உள்ள ஊர். காந்தி 1925-ல் தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கேதான் இயங்கியது. காந்தியே பலமுறை வந்திருக்கிறார்.

அதே 1925-ல்தான் குலாம் காதர் என்பவர் இங்கே முதல் பனியன் ஆலையைத் தொடங்கினார். கையால் நூற்ற கதரும் மிஷினில் பின்னிய பனியனும் ஒரே ஊரில், ஒரே வருடத்தில்! 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்து, கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் வந்தது. எந்தப் பக்கம் ஜெயித்தது என்று காதர்பேட்டையில் தொங்கும் பனியன்களைப் பார்த்தாலே தெரியும்.

காதர்பேட்டையில் டீ குடிக்கும்போதுதான் தாத்தா வாயைத் திறந்தார். 1984-ல் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவரும் அதில் இருந்தவர். அந்த நான்கு மாதமும் சொந்த ஊருக்குப் போய்க் காட்டு வேலை செய்து சாப்பிட்டாராம். "கண்ணு, நாப்பது வருசமா இத எங்கிட்ட யாரும் கேட்டதில்ல" என்றார். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு பெரிய கம்பெனிகளின் வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குப் பிரிந்து போனது. கட்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம், செக்கிங் ஒரு இடம். இன்றைக்கு நாம் "ஜாப் ஒர்க்" என்று சொல்கிறோமே, அது இவ்வளவு பரவியதற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது. எந்தத் தெருவிலும் இதற்கு ஒரு போர்டு கிடையாது.

கடைசியாக நொய்யல். பாலத்தில் நின்றபோது யாரும் பேசவில்லை. இந்த ஆற்றங்கரையில்தான் கொடுமணல் இருக்கிறது. ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய தொழில் ஊர். அங்கே அகழாய்வில் நூல் நூற்கும் தக்களி கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஆற்றில் சாயத் தண்ணீரை விட்டோம். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் இடமானது. தண்ணீரைத் திறக்காதே என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது.

என் அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். அப்போது நான் சின்னப் பையன். அப்பா பகலில் வீட்டில் இருக்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா ஏன் அழுதார் என்று புரியவில்லை. பி.காம். படிக்க வந்த பிறகுதான் அதைக் கணக்காக யோசிக்க முடிகிறது. கம்பெனியின் ஐந்தொகையில் ஆற்றின் செலவு எந்த வருடமும் எழுதப்படவில்லை. ஒருநாள் மொத்தமாக வந்தது. அதைக் கட்டியவர்களில் கீழே இருந்த விவசாயியும் உண்டு, எங்கள் அப்பாவும் உண்டு.

அடுத்த ஞாயிறு அவரைக் கூப்பிட்டேன். "அங்க போயி என்னத்தப் பாக்கறது" என்றார். மறுபடியும் கூப்பிடுவேன். பட்டறைக் கதையை அவரைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

இதற்குப் பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். ஒரு வயதானவர், நாலு நண்பர்கள், இரண்டு மணி நேரம் போதும். இன்று நம்மோடு வேலை செய்யும் பீகார், ஒடிசா நண்பர்களையும் கூப்பிடலாம். நம் தாத்தாக்களில் எத்தனையோ பேர் வெளியூரிலிருந்து ஒன்றரை ஷிப்ட் பார்க்க வந்தவர்கள்தானே? 1984-ஐப் பார்த்தவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம் நண்பர்களே.